மங்கல் உலார்பெக்

உலார்பெக்கைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு ஒரு வாரம் அவகாசம் வேண்டும். கெட்டதாக என்றால் இப்போதே தொடங்கிவிடலாம். ஐந்து வருடம் அவன் வீடியோ எடுத்துக்கொண்டு வந்ததையெல்லாம் வெட்டி ஒட்டியவள் நான். எங்கள் உஸ்கென் ஊர்க் கடைத்தெருவில், பொத்தான் கடைக்கு மேல் மாடியில், அவன் பெயரைத் தங்க எழுத்தில் போட்ட ஸ்டுடியோவில் உட்கார்ந்து, அவனுடைய முட்டாள்தனத்தை நொடிக்கு இருபத்தைந்து துண்டாகப் பார்த்தவள். அப்படிப் பார்த்த பிறகு மரியாதை எங்கிருந்து வரும்?

அவன் அப்பா ஓஷ் நகருக்கு பஸ் ஓட்டினவர், தங்கமான மனுஷர். மகன் ஓஷில் இரண்டு வருடம் செயற்கைப் பல் கட்டப் படித்தான். பாதியில் விட்டுவிட்டு வந்தான். ஏன் என்று கேட்டால், "பல்லுல ஃபீலிங் இல்லக்கா" என்றான். அப்புறம் போனுக்கு உறை விற்றான். அதிலும் ஃபீலிங் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, கொரியாவில் வேலை செய்த மாமா ஒரு பெரிய கேமராவும் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் அனுப்பிவைத்தார். இவன் தலைநகர் பிஷ்கெக் போய் மூன்று நாள் வகுப்பில் உட்கார்ந்தான். திரும்பி வரும்போது கழுத்தில் ஒரு சால்வை சுற்றியிருந்தது. மாதம் ஜூன். தர்பூசணி வெடிக்கிற வெயில். அன்று சுற்றிய சால்வையை இன்றுவரை அவிழ்க்கவில்லை.

அந்த மூன்று நாளில் முதல் நாள் மட்டும்தான் போனான் என்பது என் சந்தேகம். லென்ஸுக்குள்ளே ஒரு துளை இருக்கிறது. அதை அகலமாகத் திறந்தால், ஒரு விரல் பருமனுக்கு மட்டும் படம் தெளிவாக விழும். அதற்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் நிறம் நிறமாகக் கரைந்துவிடும். துளையைச் சுருக்கினால் முன்னும் பின்னும் எல்லாம் தெளிவாகும். இவ்வளவுதான் சங்கதி. கேமராவின் மேலே சின்னச் சக்கரம் ஒன்று இதற்காகவே இருக்கிறது. பள்ளியில் பதினெட்டு வருடம் இயற்பியல் நடத்திவிட்டு, தலைமையாசிரியரோடு சண்டை போட்டு வெளியே வந்தவள் நான். இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அட்டையில் ஓட்டை போட்டே காட்டியிருக்கிறேன். உலார்பெக் முதல் நாள் துளையை அகலமாகத் திறந்தான். ஒன்று புள்ளி நாலு. எண் குறையக் குறையத் துளை அகலம். அதோடு அந்தச் சக்கரத்தை அவன் தொடவே இல்லை.

வெயிலில் துளையை அவ்வளவு அகலமாக வைத்தால் படம் வெளுத்துப்போகும். சுருக்கினால் தீர்ந்தது. ஆனால் நம் மேதை என்ன செய்வான்? லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியைத் திருகுவான். கடவுள் சும்மா கொடுத்த வெளிச்சத்தை மறைத்துவிட்டு, அப்புறம் துளையை அகலமாகத் திறப்பான். ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும்; யாராவது ஒரு அடி முன்னால் வந்தால் மூக்கு போய்விடும். பன்னிரண்டு நிமிஷம் ஆனதும் கேமரா தானாக நின்றுவிடும். அது நின்றது தெரியாமல் அவன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நடந்துகொண்டே இருப்பான்.

எங்கள் ஊரில் கல்யாண வீடியோ எதற்கு? யார் வந்தார்கள் என்று பார்ப்பதற்கு. மேல் இடத்தில் யாரை உட்காரவைத்தார்கள், சம்பந்தி பக்கத்து அத்தை என்ன உடுத்தியிருந்தாள், பேசாமல் இருந்த அண்ணன் தம்பி ஒரே விரிப்பில் உட்கார்ந்தார்களா, இதெல்லாம் பார்க்க. பனிக்காலம் முழுக்கப் பார்ப்பார்கள், நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். உலார்பெக் எடுத்ததில் என்ன இருக்கும்? மணப்பெண்ணின் ஒரு காதணி. ஒரு செருப்பு. தேநீர்க் கிண்ணத்து விளிம்பில் ஒரு சொட்டு. பின்னால் இருநூறு விருந்தாளிகள், கழுவாத தூரிகையை நனைத்த தண்ணீராய்க் கலங்கி நிற்பார்கள். மங்கல நிகழ்ச்சியை மங்கல் நிகழ்ச்சி ஆக்கியவன் என்று நான்தான் முதலில் சொன்னேன். மங்கல் உலார் என்ற பெயர் அதிலிருந்து ஒட்டிக்கொண்டது. அவன் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு தடவை, குடும்பத்தில் மூத்தவர் ஒருவருக்கு ஆட்டுத் தலையை வைத்து மரியாதை செய்தார்கள். அந்த மரியாதை தனக்கு வருமா வராதா என்று நாலு வருடமாக அவர் காத்திருந்தாராம். வீடியோவில் ஆட்டின் காது மட்டும் முடி முடியாகத் தெளிவாக இருந்தது. பெரியவர் இருந்த இடத்தில் ஒரு பழுப்பு மேகம். அவருடைய மகன்கள் மூன்று பேரும் மாடிப்படி அதிர ஏறி வந்தார்கள்.

"எங்கப்பா எங்கடா?"

"அண்ணே, அந்த ஆட்டுக் காதுல ஒரு சோகம் இருந்துச்சுண்ணே. அதை விட மனசு வரல."

"உன் காதுலயும் கொஞ்சம் சோகம் வரவைக்கிறோம், கிட்ட வா."

நான் நடுவில் புகுந்து தேநீர் ஊற்றியிராவிட்டால் வரவைத்திருப்பார்கள்.

இப்படிப்பட்டவனை ஏன் கூப்பிட்டார்கள் என்றால், பெண்பிள்ளைகளுக்காக. மூன்று நிமிஷத் துண்டு ஒன்று தனியாகச் செய்து கொடுப்போம். போனில் பார்க்க சினிமா போல இருக்கும். பெண்கள் அதற்கு மயங்கினார்கள். அவர்களுடைய அம்மாக்கள்தான் முழு வீடியோவைப் போட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள்.

அனார்கான் அப்படி ஒரு அம்மா. ஆனால் மற்றவர்கள் கல்யாணத்தில் இருந்துவிட்டு அப்புறம் வீடியோ பார்த்தவர்கள். அவளுக்குக் கல்யாணமே வீடியோதான்.

ஏழு வருடமாக மாஸ்கோவில் மாடிப்படி கழுவுகிறவள் அவள். போகும்போது மகன் குபாத்துக்குப் பதினைந்து வயது. காகிதங்கள் காலாவதியாகிவிட்டன, எல்லையைத் தாண்டி வெளியே வந்தால் ஐந்து வருடம் திரும்ப நுழைய விடமாட்டார்கள். வீட்டுக்குத் தகரக் கூரை, புது ஜன்னல், குபாத்தின் படிப்பு, இப்போது கல்யாணம், எல்லாம் அவள் அங்கே நின்றதால் நடந்தது. அதனால் அவள் வரவில்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஸ்டுடியோவுக்குப் போன் செய்தாள். நான் எடுத்தேன்.

"அக்கா, வாசல்ல இருந்தே ஆரம்பிக்கச் சொல்லுங்க. நான் நடந்து வர்ற மாதிரி. கூரையக் காட்டணும். அக்ரூட் மரம் எவ்வளவு வளர்ந்திருக்குன்னு பாக்கணும். வந்தவங்க ஒருத்தர் விடாம வேணும்க்கா. சண்டைக்காரங்க வந்தாலும் எடுக்கச் சொல்லுங்க."

"சொல்றேன்."

"வெள்ளை முக்காடு கட்டுறது முக்கியம். நான் கட்டணும். என் முறை அது. எனக்குப் பதிலா நாத்தனார் பாத்மாவைக் கட்டச் சொல்லியிருக்கேன். பெட்டில என் வெள்ளிக் காப்பு இருக்கு, என் மாமியார் எனக்குப் போட்டது. அதையும் பாத்மா அண்ணி மருமக கையில போடுவாங்க. அதை நல்லா எடுக்கச் சொல்லுங்கக்கா. அந்த ஒரு நிமிஷம் நான் அங்க இருக்குறதா நினைச்சுக்குவேன்."

மருமகள் வரும் வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா இருக்கவேண்டிய இடம் அந்த ஒரு நிமிஷம்தான். பெண்ணின் தலையில் வெள்ளை முக்காடு கட்டுகிற கைதான் அந்த வீட்டின் எஜமானி கை. ஊருக்கே தெரியும்.

இரண்டு நாள் கழித்து அவள் கணவன் தாஷ்தெமிர் வந்தான். கல்பாக் தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டு நின்றான். இவ்வளவு பெரிய உடம்பை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போலக் கூனிக்கொண்டு நிற்பது அவன் வழக்கம்.

"தம்பி உலார், ஒரு சின்ன விஷயம். முக்காடு கட்டுற பொம்பளை... அவ முகம் தெளிவாத் தெரிய வேணாம்."

"யாரு, பாத்மாவா?" என்று கேட்டேன் நான்.

"பாத்மா இல்ல. சபிரா."

அரிசி ஆலையில் செவ்வரிசி சலிக்கிற சபிரா. புருஷன் இல்லாதவள். இரண்டு வருடமாகத் தாஷ்தெமிர் வீட்டு அடுப்பில் சமைக்கிறவள் அவள்தான். தூரத்துச் சொந்தம், ஒத்தாசைக்கு வருகிறாள் என்று சொல்லிக்கொண்டார்கள். அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மாஸ்கோவில் ஒருத்திக்கு மட்டும் தெரியாது.

"ஏன்யா, வேற பொம்பளையே கிடைக்கலையா உனக்கு?"

"அவ பிடிவாதம் பிடிக்கிறா ரைகான். நான் கட்டாட்டி இந்த வீட்ல நான் யாருங்கிறா. என்ன பண்ணச் சொல்றே?"

"அனார்கான் யாருன்னு அவகிட்ட கேட்டியா?"

அவன் தொப்பியை மறுபக்கம் சுருட்டினான். உலார்பெக்கைப் பார்த்தேன். அவன் முகம் கல்யாண விளக்குப் போல எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, கவலையே படாதீங்க! இது என்னோட ஏரியா. அந்த அம்மா இருப்பாங்க, ஆனா இருக்க மாட்டாங்க." தாஷ்தெமிர் போனதும் என்னிடம் திரும்பினான். "பாத்தீங்களாக்கா? மொத மொதலா ஒருத்தர் மங்கலைக் கேட்டு வாங்குறாரு. நீங்க என்னமோ சொல்லிட்டே இருந்தீங்க."

ஒருத்தியின் இடத்தைத் திருடுகிறார்கள், இவனுக்குத் திருட்டுக்குத் திரை பிடிப்பது பெருமையாக இருக்கிறது. இவனை என்னவென்று திட்டுவது? திட்டினேன். ஆனால் போனை எடுத்து மாஸ்கோவுக்குச் சொன்னேனா? சொல்லவில்லை. கல்யாணம் முடியட்டும், அனார்கானுக்கு அந்த ஒரு சந்தோஷமாவது இருக்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உலார்பெக்கை இளக்காரம் செய்கிற வாய்தான் இது. அன்றைக்கு அது மூடிக்கொண்டிருந்தது. அதற்காக இன்றும் எனக்கு என்மேல் வெறுப்பு உண்டு.

கல்யாணம் செப்டம்பர் முதல் வாரத்தில் நடந்தது. மெமரி கார்டுகளைக் கொண்டுவந்து கொட்டினான். வாசலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன் இல்லையா, ஆரம்பித்திருந்தான்: வாசல் தாழ்ப்பாளில் ஒரு குளவி. அதன் இறக்கை தெளிவு. வாசல், வீடு, புதுக்கூரை எல்லாம் பச்சையும் வெள்ளியுமாக ஒரு கலக்கல். அக்ரூட் மரத்தில் ஒரு இலை இருந்தது. மரம் இல்லை. பலோ சோற்றில் ஆவி பறந்தது, சாப்பிட்டவர்கள் இல்லை.

முக்காடு கட்டுகிற இடத்துக்கு வந்தேன். மணப்பெண் அய்சிரெக்கின் முகம் ஓரமாக, மங்கலாக. பின்னால் ஒரு ஊதா மேகம், அது சபிரா. மேகத்தின் தோளருகே ஒரு சாம்பல் மேகம். சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தான். சபிராவின் சொந்த அம்மாவே வந்தாலும் அந்த முகத்தை அடையாளம் சொல்ல முடியாது. நடுவில், திரை முழுக்க, துணியை முடிச்சுப் போடுகிற இரண்டு கைகள். வலது மணிக்கட்டில் ஒரு வெள்ளிக் காப்பு. பன்னிரண்டு நொடி. காப்பின் ஒவ்வொரு கீறலும் தெரிந்தது. பழைய பவளங்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் கொஞ்சம் அதிகச் சிவப்பாக மின்னியது.

"அழகா இல்லக்கா?" என்றான், என் தலைக்கு மேலே நின்று. "இந்த ஷாட்டுக்காகவே பொறந்தேன் நான்."

அது யார் காப்பு என்று அவனுக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டான். பளபளப்பாக எது கண்ணில் பட்டாலும் அதன்மேல் ஃபோகஸைத் திருப்புவான், காக்காய்க்கும் அவனுக்கும் வித்தியாசம் கிடையாது. ஆனால் எனக்கு எங்கே போனது புத்தி? பெட்டியில் காப்பு இருக்கிறது என்று என்னிடம்தானே சொன்னாள்? அது மருமகள் கையில் ஏறியிருக்கும் என்று நினைத்துவிட்டேன். முகம் தெரியவில்லை, அது போதும் என்று அந்தப் பன்னிரண்டு நொடியை அப்படியே விட்டேன். படத்தின் கடைசியில் தங்க எழுத்தில் ஸ்டுடியோ போன் நம்பரையும் போட்டேன்.

மாஸ்கோவுக்குப் போகிற சொந்தக்காரன் ஒருவன், அந்த வீடியோவைப் பொரித்த பூர்சோக் ரொட்டிக்கும் உலர்ந்த பாதாமிப் பழத்துக்கும் நடுவில் வைத்து எடுத்துப்போனான். பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது.

"அக்கா, பார்த்தோம். ஒரே ரூம்ல பதினோரு பொம்பளைங்க உக்காந்து பார்த்தோம். ஒருத்தி கேக்குறா, ஏன் அனார்கான், உங்க ஊர்ல அன்னைக்குப் பனிமூட்டமான்னு."

நான் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

"பரவால்லக்கா. நான் எல்லாரையும் கண்டுபிடிச்சிட்டேன். மொத வரிசையில பச்சையா ஆடுதே, அது பாத்மா அண்ணி. அவங்கதான் உக்காந்தா முட்டிய ஆட்டிக்கிட்டே இருப்பாங்க. கறுப்புப் புள்ளி ரெண்டு இருக்கே, அது பக்கத்து வீட்டு குல்சும்மோட இரட்டைப் பசங்க. மேல் இடத்துல பெரிய மாமா, முதுகு வச்சே சொல்லிடுவேன். கூரையும் தெரியுதுக்கா, வெள்ளியா. இவளுங்களுக்கு ஒவ்வொருத்தராச் சொல்லிச் சொல்லிக் காட்டினேன். இவளுங்க ஆச்சரியப்பட்டுப் போயிட்டாளுங்க."

ஒன்றரை மணி நேர மங்கலில் தன் சனத்தை ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுத்திருக்கிறாள் அந்தப் பெண். உலார்பெக் எதிரில் உட்கார்ந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த லென்ஸைப் பிடுங்கி அவன் மண்டையில் போட வேண்டும்போல இருந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான் தெளிவா இருக்கு," என்றாள். குரல் மாறியிருந்தது. "என் காப்பு. நடுவுல ஒரு பவளம் விழுந்துபோச்சு. பல் தேய்க்கிற பிரஷ்ஷோட சிவப்புக் கைப்பிடிய அறுத்து வச்சுக் கொடுத்தாரு கடைத்தெரு ஆசாரி. அது என் காப்புதான். அது மருமக கையில இல்ல. கட்டுறவ கையில இருக்கு. யார் கை அது?"

"அனார்கான்..."

"பாத்மா அண்ணி கை இல்ல. அவங்க விரல் குட்டை. யாருக்கா?"

"சபிரா. அரிசி ஆலை சபிரா."

போனில் எங்கேயோ தண்ணீர் வாளியில் விழுகிற ஓசை கேட்டது.

"அவ தோள் கிட்ட ஒருத்தர் சாம்பல் கோட்டுல நல்லா நிமிந்து நிக்கிறாரே. சிரிச்சுக்கிட்டே என்னமோ சொல்றாரு, தோளு குலுங்குது. எல்லாரையும் கண்டுபிடிச்சேன், அவரை மட்டும் தெரியலக்கா. எங்க வீட்டு ஆளுங்க யாரும் அப்படி நிக்க மாட்டாங்க. சம்பந்தி பக்கமா?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே சொல்லாமல் விட்டது போதும் என்று தோன்றியது.

"உன் வீட்டுக்காரர்மா அது."

போனை வைத்துவிட்டாள்.

"என்னக்கா, பாராட்டா?" என்று கேட்டான் உலார்பெக். "எந்த ஷாட்டைச் சொன்னாங்க?"

"காப்பு ஷாட்டை."

"எனக்குத் தெரியும்!" என்று தொடையில் தட்டினான். அன்று சாயங்காலமே அந்தப் பன்னிரண்டு நொடியை வெட்டி எடுத்து, கீழே பொத்தான் கடை டிவியில் ஓடுகிற தன் விளம்பரத்துக்கு முதல் காட்சியாக வைத்தான். மாஸ்கோவில் பாராட்டப்பட்டது என்று அதன்மேல் எழுதவும் எழுதினான்.

ஒன்பதாம் நாள் காலை, மாடிப்படியில் யாரோ பெரிய கட்டம் போட்ட பையை இழுத்துக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டது. அனார்கான். ரயிலும் பஸ்ஸுமாக வந்திருக்கிறாள். முகத்தில் தூக்கமே இல்லை. இனி ஐந்து வருடம் அந்தப் பக்கம் போக முடியாது. போக வேண்டாம் என்று முடிவு செய்த பிறகுதான் எல்லையைத் தாண்டியிருக்கிறாள். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருந்தாள்.

"கீழ டிவில என் காப்பு ஓடுது," என்றாள். பிறகு உலார்பெக்கைப் பார்த்தாள். "தம்பி, நீதானா எடுத்தது?"

அவன் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். "நான்தான் அக்கா. அந்த ஷாட்ல ஒரு தாய்மை இருக்குன்னு எனக்கு அப்பவே..."

"கேமராவ எடு. எங்க வீட்டுக்கு வா. ரைகான் அக்கா, நீங்களும் வாங்க. இவனைத் தனியா நம்ப மாட்டேன்."

சபிரா முற்றத்தில் மரத்தடியில் அரிசி சலித்துக்கொண்டிருந்தாள். கையில் காப்பு இருந்தது. அனார்கானைப் பார்த்ததும் சல்லடை கையிலிருந்து நழுவிவிட்டது. தாஷ்தெமிர் தொழுவத்திலிருந்து வந்து, பாதி வழியில் நின்றான். பெரிய சத்தம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். அனார்கான் கையை மட்டும் நீட்டினாள்.

"கழட்டு."

சபிரா கழற்றிக் கொடுத்தாள். அனார்கான் அதைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினாள், மாடிப்படி கழுவுகிற கையால், நிதானமாக, இடுக்கு இடுக்காக. பிறகு கணவனிடம் திரும்பினாள்.

"அவ சாமான் எடுத்துக் கொடு. நீயும் கூடப் போய் தூக்கிக்கொடு. தையல் மெஷின் அவளதுதானே? திரும்பி வர வேணாம்."

"அனார், நான் என்ன சொல்றேன்னா..."

"கூரை என்னோடது. ஜன்னல் என்னோடது. நீ நின்ன இடம்கூட என்னோடதுதான். நகரு."

பிறகு பக்கத்து வீடுகளுக்கு ஆள் அனுப்பினாள். அரை மணியில் தெருவே வந்துவிட்டது. பாத்மா மாவுக் கையோடு வந்தாள். பெரிய மாமா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். குல்சும்மின் இரட்டையர் வேலி ஏறிக் குதித்தார்கள். குபாத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மருமகள் அய்சிரெக்கை மரத்தடியில் உட்காரவைத்து, அவள் தலையில் இருந்த முக்காட்டை அவிழ்த்தாள் அனார்கான்.

"ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு தடவை கட்டலாமாடி?" என்று யாரோ கேட்டார்கள்.

"மொதத் தடவை யார் கட்டினான்னு வீடியோல தெரியலையே. தெரியாதது கணக்குல வராது," என்றாள் பாத்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

உலார்பெக் வழக்கம்போலக் கறுப்புக் கண்ணாடியைத் திருகிக்கொண்டு, பெண்ணின் காதுக்கு அருகில் போய் மண்டிபோட்டான்.

"எழுந்திரு," என்றாள் அனார்கான். "தள்ளி நில்லு. எனக்கு மருமக தெரியணும், நான் தெரியணும், இவங்க எல்லாரும் தெரியணும், மரம் தெரியணும், கூரை தெரியணும். வாசல் வரைக்கும் தெரியணும். வாசல்ல யார் போனாலும் தெரியணும்."

"அது முடியாதுக்கா. இந்த லென்ஸோட குணம் அப்படி."

ஐந்து வருடம் கையில் வைத்திருக்கிறான். நான் கேமராவை அவன் கையிலிருந்து வாங்கினேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவன் சால்வையில் போட்டேன். சக்கரத்தைத் திருப்பினேன்: இரண்டு, நாலு, எட்டு, பதினாறு. ஐந்து அடியெடுத்துப் பின்னால் போய் முக்காலியில் பொருத்தி ஃபோகஸ் வைத்தேன். பின்திரையில் முற்றம் முழுவதும் திறந்துகொண்டது. சிந்திய அரிசி, குழாயடிச் சோப்பு, பாத்மாவின் மாவு விரல்கள், கூரையின் ஒவ்வொரு மடிப்பு, மரத்தின் ஒவ்வொரு காய், தூரத்தில் வாசல் தாழ்ப்பாள்.

உலார்பெக் எட்டிப் பார்த்தான். வாய் திறந்திருந்தது. "இந்தச் சக்கரம் இதுக்கா?"

அனார்கான் வெள்ளை முக்காட்டைக் கட்டினாள். காப்பை மருமகளின் கையில் போட்டாள். அது இரண்டு தடவை நழுவியது. அந்தப் பெண் அவள் தோளில் முகம் புதைத்து அழுதுவிட்டாள். அதே நேரம் பின்னால் சபிரா மூட்டையோடு நடந்தாள், அவளுக்குப் பின்னால் தாஷ்தெமிர் தையல் மெஷினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. கேமராவைத் தாண்டும்போது உலார்பெக்கின் காதருகில் குனிந்தான்.

"தம்பி, என்னை மட்டும் கொஞ்சம் மங்கலா..."

பழக்கதோஷத்தில் உலார்பெக்கின் கை சக்கரத்துக்கு நீண்டது. அதன்மேல் என் கை இருந்தது.

எல்லாம் முடிந்து தேநீர் கொதிக்கும்போது அனார்கான் வந்து கேமராவின் சின்னத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஓட்டிக் காட்டினேன்.

"ஃபீலிங்கே இல்லக்கா இதுல," என்றான் உலார்பெக் பின்னாலிருந்து. "வாளியெல்லாம் தெரியுது பாருங்க."

"வாயை மூடு," என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம்.

அவள் திரையில் விரல் வைத்து ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டு போனாள். பாத்மா, பெரிய மாமா, இரட்டையர், குபாத். வாசலுக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னாள். கடுகளவு உருவம். தையல் மெஷினை அணைத்துக்கொண்டு, இவ்வளவு பெரிய உடம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூனிக்கொண்டு, திரும்பிப் பார்த்தபடி நின்றது.

அனார்கான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா," என்றாள். "இது எங்க வீட்டுக்காரர்தான். என்கிட்ட இப்படித்தான் நிப்பாரு."